பருத்திப்பட்டில் திரும்பிய பஸ்

என் வீட்டுக்காரர் இருபது வருடங்களுக்கு மேல் டவுன் பஸ் ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன பிறகு, அதே பஸ்களில் நான் அவரை டயாலிசிஸுக்கு அழைத்துக்கொண்டு போனேன். எங்கள் வீடு மாங்காட்டில். காப்பீட்டுத் திட்டத்தில் எங்களுக்கு இடம் கிடைத்த சென்டர் ஆவடியில். வாரத்துக்கு மூன்று நாள், மாங்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஒரு பஸ், பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு இன்னொரு பஸ். வழியில் கரையான்சாவடியிலேயே இறங்கி மாறினால் நேரம் மிச்சமாகும். ஆனால் அங்கே ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. அதனால் ஸ்டாண்டு வரைக்கும் போய், பஸ் கிளம்புகிற இடத்திலேயே ஏறுவோம்.

சர்க்கரையும் பிரஷரும் அவருக்குப் பல வருடங்களாக இருந்தன. மாத்திரை வாங்கி வைத்தால் ஞாபகம் வந்தால் போடுவார். கால் வீங்கியபோது ஷூ சரியில்லை என்றார். முகம் வீங்கியபோது தூக்கம் போதவில்லை என்றார். ஒருநாள் காலையில் மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், சின்ன வயசுக்காரர், நிறையத் தண்ணீர் குடிக்கிற பழக்கம் இருந்ததா என்று கேட்டார்.

"ட்ரிப்ல கீறப்போ தண்ணி குடிச்சா எங்க சார் போறது?" என்றார் இவர். "பின்னாடி நிக்கறவன் எல்லாம் வாட்ச்ச பாத்துகினு இருப்பான்."

டாக்டர் பேனாவை எடுத்தார். சர்க்கரைதான் முக்கியமான காரணம் என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

ஸ்டீயரிங்கிலிருந்து அவரை இறக்கிவிட்டார்கள். டிப்போ கேட்டில், வண்டி உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எழுதிவைக்கிற வேலை கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அதற்கும் போக முடியாமல் லீவில் உட்கார்ந்தார். நான் அதுவரை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லராக இருந்தேன். வாரத்துக்கு மூன்று நாள் லீவு யார் கொடுப்பார்கள்? நின்றுவிட்டு, வீட்டிலேயே மெஷின் போட்டு பிளவுஸ் தைத்தேன்.

டயாலிசிஸுக்காக அவருடைய இடது முன்கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடம் கயிறுபோலப் புடைத்திருக்கும். விரல் வைத்தால் உள்ளே அதிர்வது தெரியும். "வண்டி ஐட்லிங்ல கீது, பாத்தியா?" என்று என் விரலை எடுத்து அதன்மேல் வைத்துக் காட்டுவார். அந்தக் கையில் அடி படக்கூடாது, யாரும் பிடித்து இழுக்கக்கூடாது, பை மாட்டக்கூடாது, வாட்ச் கட்டக்கூடாது. அந்தக் கை போனால் வேறு வழி கஷ்டம் என்று நர்ஸ் முதல் நாளே சொல்லிவிட்டார். உள்ளே மெத்தென்று பஞ்சுத் துணி வைத்து, முழங்கைக்குக் கீழே மாட்டிக்கொள்கிற மாதிரி ஓர் உறை தைத்துக் கொடுத்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஊருக்கெல்லாம் நோயாளி என்று போர்டு மாட்டுகிறாயா என்று கேட்டார். ஆனாலும் மாட்டிக்கொண்டார்.

அதோடு அவரைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவது எப்படி என்று நானாகவே ஒன்றைப் பழகிக்கொண்டேன். எப்போதும் அவருக்கு இடது பக்கத்தில் நான். ஏறும்போது நான் பின்னால், இறங்கும்போது முன்னால். நிற்க நேர்ந்தால் அந்தக் கையைச் சட்டைப் பித்தான் பக்கம் மடக்கி வைத்துக்கொள்வார். என் முதுகைக் கூட்டத்துக்குக் காட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் சுவர் மாதிரி நிற்பேன். முழங்கையால் எத்தனை பேரை இடித்திருப்பேனோ, எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருப்பேனோ. "ஓசி டிக்கெட்டு, இதுல இடம் வேற வேணும்" என்று ஒருவர் சொன்னது மட்டும் மனதில் நின்றுவிட்டது. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் அது. அவரிடம் நான் சண்டைக்குப் போகவில்லை. சண்டை போட்டால் கை அசையும்.

பஸ்ஸில் இவர் யாரிடமும் தன்னை டிரைவர் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். தெரிந்த டிரைவர் கண்டக்டர் இருந்தால் கை தூக்குவார், அவ்வளவுதான். சில பேர் அடையாளம் தெரியாமல் பார்த்துவிட்டு, அப்புறம் தெரிந்துகொண்டு, முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆள் பாதியாகி, நிறம் கறுத்து, கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. அவர்கள் தங்களைத்தான் அதில் பார்த்தார்களோ என்னவோ. அது எனக்குக் கோபமாகத்தான் இருந்தது அப்போது.

எங்கள் மகள் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறாள். கார் புக் பண்ணித் தருகிறேன் என்று அவள் எத்தனையோ தடவை சொன்னாள். இரண்டு முறை போய்ப் பார்த்தோம். முதல் தடவை, மெட்ரோ வேலைக்காக ரோட்டைப் பாதியாக மறைத்திருந்த இடத்தில் ஒரு மணி நேரம் போல நின்று, ஏசி காற்றில் இவர் வாந்தி எடுத்துவிட்டார். அந்த டிரைவர் பையன் எங்களை நடுவழியில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். இரண்டாவது தடவை, வருகிறேன் என்று சொன்ன வண்டி வரவேயில்லை. அதற்குப் பிறகு கார் என்ற பேச்சை எடுத்தாலே, "எனக்கு பஸ்ஸே போதும், வுடு" என்பார்.

அந்த நாளும் மற்ற நாள்போலத்தான் இருந்தது. மதியம் தாண்டி டயாலிசிஸ் முடிந்தது. ஊசி குத்திய இரண்டு இடத்திலும் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி போட்டுவிட்டு, நர்ஸ் எப்போதும் சொல்வதைச் சொன்னார். "கைய பாத்துக்கோங்க. ரத்தம் கசிஞ்சா விரல வச்சு அழுத்திக்கிட்டே இருங்க. எடுத்து எடுத்துப் பாக்காதீங்க." நான் தலையாட்டினேன். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட அப்படிக் கசிந்ததில்லை.

ஆவடி ஸ்டாண்டில் பூந்தமல்லி பஸ் ஒன்று வரவில்லை. அந்த டிரிப் கட் ஆகிவிட்டது என்றார்கள். அடுத்தது வந்தபோது இரண்டு பஸ் கூட்டமும் ஒன்றாக ஏறியது. ஃபேக்டரி ஷிப்டு விட்டு வந்தவர்கள், காலேஜ் பிள்ளைகள், காய்கறி மூட்டையோடு பெண்கள். நாங்கள் ஏறும்போது உட்கார இடமில்லை. லேடீஸ் சீட்டில் இருந்த ஒரு பெண் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துகொண்டாள்.

"உக்காருங்க" என்றேன்.

"லேடீஸ் சீட்டுல நா இன்னாத்துக்கு?" என்றார். அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ உக்காரும்மா" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் மறுபடி சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார். இருபது வருடமாக மற்ற ஆண்களை அந்த சீட்டிலிருந்து எழுப்பியவர்.

பருத்திப்பட்டு தாண்டுகிற இடத்தில், இடது பக்கத் தெருவிலிருந்து ஒரு ஆட்டோ சட்டென்று உள்ளே வந்தது. டிரைவர் பிரேக் அடித்தார். கூட்டம் மொத்தமும் ஒரே ஆள்போல முன்னால் சாய்ந்தது. என் கை கம்பியிலிருந்து விட்டுப்போனது. எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், விழப்போன வேகத்தில் கையில் கிடைத்ததைப் பிடித்தார். அவர் பிடித்தது இவருடைய இடது கையை. கம்பியைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்துத் தொங்கினார்.

இவர் கத்தவில்லை. "ஸ்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. யாருடைய தண்ணீர் பாட்டிலோ கொட்டிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். என் இடுப்பில் சூடாக ஈரம். குனிந்து பார்த்தால் நான் தைத்த உறை முழுக்கச் சிவப்பு. அதைப் பிடுங்கி எறிந்தேன். பஞ்சும் பிளாஸ்திரியும் போய், ஊசி போட்ட இடத்திலிருந்து பைப்பில் வருகிற மாதிரி ரத்தம் வந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். உள்ளேயிருந்து அது என் விரலைத் தள்ளியது.

கால் வைக்க இடமில்லாத பஸ்ஸில் எங்களைச் சுற்றி ஒரு ரூம் அளவுக்கு இடம் உண்டாகிவிட்டது. அவ்வளவு நேரம் மேலே விழுந்து நின்றவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. அவர் தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்து அவருடைய கையை என் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கண்டக்டர் விசில் கொடுத்து வண்டியை நிறுத்தினார். "எறக்கி ஓரமா உக்கார வைங்கம்மா. நா ஆம்புலன்ஸுக்கு போன் போடறேன்."

"இங்க எறங்கி இன்னா பண்றது?" என்றேன்.

டிரைவர் எழுந்து பின்னால் வந்து பார்த்தார். முப்பது வயது இருக்கும். காக்கிச் சட்டை இல்லை, சாதாரணச் சட்டை. அப்போது என் வீட்டுக்காரர் முதல் தடவையாக, பஸ்ஸில், அந்த வார்த்தையைச் சொன்னார்.

"நா ஸ்டாஃபுப்பா. டிரைவரு."

"எந்த டிப்போண்ணே?"

சொன்னார். அந்தப் பையன் தரையைப் பார்த்தார். ரத்தம் படிக்கட்டுப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. டயாலிசிஸ் ஊசி போட்ட கை என்றேன்.

"டயாலிசிஸ் எங்க பண்ணீங்க?"

"ஆவடி செக்போஸ்ட்டு பக்கத்துல" என்றேன் நான்.

"ஆம்புலன்ஸ் எப்ப வர்றது" என்று அந்தப் பையன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கண்டக்டரிடம், "திருப்புறேண்ணே" என்றார்.

"யோவ், கன்ட்ரோலுக்கு சொல்லாம திருப்பாத. மேட்டராயிடும்."

"நீங்க சொல்லினு இருங்க. நான் திருப்பறேன்."

பஸ்ஸுக்குள் சத்தம் கிளம்பியது. லேப்டாப் பை மாட்டிய ஒருவர் முன்னால் வந்து, "இத்தனை பேர் இருக்கோம். எங்களை எல்லாம் எங்க கூட்டிட்டுப் போறீங்க? இறக்கி விட்டுட்டுப் போங்க" என்றார். காய்கறி மூட்டை வைத்திருந்த பெண், "அந்த ஆளு ரத்தம் ஊத்திக்கினு கீறாரு, உனக்கு இன்னாய்யா அவசரம்?" என்று கேட்டாள். "எனக்கும் அவசரம் இருக்கும்மா. அரை மணி நேரமா நின்னு ஏறின பஸ் இது" என்றார் அவர். அவர் சொன்னது பொய் இல்லை. நாங்களும் அவரோடுதான் நின்று ஏறினோம். பாதிக்கு மேல் இறங்கிவிட்டார்கள். மற்றவர்கள் வேறு பஸ்ஸுக்கு வழியில்லாமலோ என்னவோ அப்படியே இருந்தார்கள். ரோடு கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் கண்டக்டர் கீழே இறங்கி, இரண்டு பக்கமும் வண்டிகளை மறித்து, விசில் அடித்துத் திருப்பவைத்தார். வேண்டாம் என்றவரும் அவர்தான், அதைச் செய்தவரும் அவர்தான்.

ஆவடி வரைக்கும் ஹாரனில் வைத்த கையை அந்தப் பையன் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரரின் தலை என் தோளில் இருந்தது. கண் முன்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

"கிளட்ச்ல கால வச்சிக்கினே ஓட்றான்" என்றார்.

"பேசாம இருங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாதான் ஓட்றான்" என்றார். உதடு வெளுத்துப் போயிருந்தது.

சென்டர் வாசலில் பஸ் நின்றது. நர்ஸ் ஓடிவந்தார். டாக்டர் தையல் போட்டார். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி ரத்தம் ஏற்றினார்கள். உயிர் நின்றது. அந்தக் களேபரத்தில் பஸ் எப்போது போனது என்று நான் பார்க்கவில்லை. அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அவருடைய முன்கையில் விரல் வைத்துப் பார்த்தேன். அதிர்வு இல்லை. காதை வைத்துப் பார்த்தேன். சத்தம் இல்லை. இறுக்கிக் கட்டு போட்டதில் ரத்தம் உறைந்து அந்தக் குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். கழுத்துக்குக் கீழே குழாய் போட்டு அதன் வழியாக டயாலிசிஸ் தொடர்ந்தது. குளிக்கக்கூடாது, ஈரம் படக்கூடாது, காய்ச்சல் வந்தால் உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மகள் லீவு போட்டு, ஒரு மாதத்துக்குப் பேசி, தெருமுனை ஆட்டோக்காரர் ஒருவரை ஏற்பாடு செய்தாள். இந்தத் தடவை இவர் மறுக்கவில்லை.

இவரோடு பல வருடம் ஒரே வண்டியில் வேலை பார்த்த கண்டக்டர் ஒருவர் வீட்டுக்குப் பார்க்க வந்தார். அவர்தான் சொன்னார். பேச்சோடு பேச்சாக, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அந்தப் பையன ஊட்டுக்கு அனுப்சிட்டாங்கப்பா."

"எந்தப் பையன்?" என்றார் இவர். தெரிந்தேதான் கேட்டார்.

"உன்னிய இட்டுகினு போனானே. எவனோ வீடியோ எடுத்துப் போட்டுட்டான். பாசெஞ்சர நடுரோட்ல எறக்கிவுட்டு பஸ்ஸு எங்கியோ போவுதுன்னு. கம்ப்ளெயின்ட் ஆயிடுச்சு. கண்டக்டர் பர்மனென்ட்டு, விளக்கம் எழுதிக் குடுத்துட்டு தப்பிச்சிகினான். இவன் ஏஜென்சி ஆளு. மெமோகூட கெடையாது. நாளையிலேர்ந்து வராதன்னா முடிஞ்சிது."

என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பார்க்க வந்த கண்டக்டர் கிளம்பினார்.

டயாலிசிஸ் இல்லாத அடுத்த நாள், டிப்போவுக்குப் போகவேண்டும் என்றார். கழுத்தில் குழாயோடு எங்கே போவது என்றேன். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். டிப்போவில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அங்கிருந்த அதிகாரி தன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"சார், ரத்தம் ஊத்திக்கினு கீற பாசெஞ்சர வச்சிக்கினு அவன் ரூட்லயே போயிருக்கணுமா?"

"போகக்கூடாதுப்பா. நான் ஓட்டியிருந்தாலும் திருப்பியிருப்பேன்."

"அப்ப அவன கூப்டுங்க சார்."

"அது ஏஜென்சி விஷயம். நாம அவன் வேணாம்னும் சொல்லல, வேணும்னும் சொல்ல முடியாது. அவங்க ஆள் அனுப்பறாங்க, நாம வண்டி குடுக்கறோம்."

ஏஜென்சியின் ஆபீஸ் அம்பத்தூரில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இருந்தது. படி ஏறுவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்தார். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்று, திரும்ப ஆள் எடுக்கும்போது பார்க்கலாம் என்றாள். எப்போது என்று இவர் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. பையனுடைய போன் நம்பரையும், சேக்காட்டில் குடியிருக்கும் தெருவையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒரு டயாலிசிஸ் நாளில், திரும்பும் வழியில் ஆட்டோவைச் சேக்காட்டுக்கு விடச் சொன்னார். வரிசையாகச் சின்னச் சின்ன வாடகை வீடுகள். விசாரித்துப் போனோம். பையன் இல்லை. வேலை தேடிப் போயிருப்பதாக அவர் மனைவி சொன்னாள். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. நாங்கள் யார் என்று நான் சொன்னேன். அவள் குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்கதானா?" என்றாள். பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள். "உங்க வூட்டுக்காரர காப்பாத்தப் போயி எங்க பொழப்பு போச்சுக்கா. வந்தவாசிலேர்ந்து இந்த வேலைய நம்பித்தான் இங்க வந்தோம். இத எங்க சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். நீங்களே வந்துட்டீங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இவர் என் கையைப் பிடித்து வேண்டாம் என்றார். அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்திவிடுவாள் என்று நினைத்தேன். ஒரு சொம்பு தண்ணீரோடு திரும்பி வந்தாள். வீடு தேடி வந்தவர்களை அப்படியே அனுப்ப அவளுக்கு மனமில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று கட்டுப்பாடு போட்டு, நாக்கு வறண்டால் ஐஸ் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தவர் இவர். அந்தச் சொம்பை இரண்டு கையாலும் வாங்கி, நிறுத்தாமல் முழுவதும் குடித்தார். நான் தடுக்கவில்லை.

ஆட்டோவில் வரும்போது, "அவ சொன்னதுல தப்பு இல்ல" என்றார்.

இரண்டு வாரம் போல ஆகியிருக்கும். டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே குளிர் எடுத்து, கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுங்கினார். கழுத்துக் குழாயில் கிருமி. சிட்டிக்குள் பெரிய கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. நினைவு வரும்போதெல்லாம் மகளைப் பார்த்து, "அந்தப் பையன கூப்ட்டாங்களா?" என்று கேட்டார். கூப்பிட்டுவிட்டார்கள் என்று ஒருதரம் அவள் சொன்னாள். இவர் அவளை உற்றுப் பார்த்தார். பொய் என்று தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஒருநாள் காலை, நான் கீழே கேன்டீனுக்குப் போய்வருவதற்குள் உயிர் போய்விட்டது.

மாங்காட்டுக்குக் கொண்டுவந்தோம். ஒரு காலத்தில் நெல் விளைந்து, இப்போது பிளாட்டுகளாக இருக்கிற எங்கள் தெருவில் ஷாமியானா போட்டார்கள். எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். டிப்போ ஆட்கள் அப்படி வரமுடியவில்லை. டிரிப் முடிந்தவர்கள் முடிந்தவர்களாக நாலைந்து பேராக வந்து, மாலை போட்டு, ஐந்து நிமிடம் நின்று, அடுத்த டிரிப்புக்கு ஓடினார்கள். சாயங்காலம் எடுக்கிற வரைக்கும் காக்கிச் சட்டைகள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன.

எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பையனைப் பார்த்தேன். ஷாமியானாக் கம்பைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வராமல் நின்றார். நானே எழுந்து போனேன். எழுந்திருக்கக்கூடாது என்று பெண்கள் என்னைப் பிடித்தார்கள். கேட்கவில்லை.

"யாரு சொன்னாங்க?"

"அன்னிக்கு பஸ்ல இருந்த கண்டக்டர் அண்ணன் சொன்னாருக்கா."

"இப்ப இன்னா வேல பாக்கறீங்க?"

"தண்ணி லாரி ஓட்டறேங்கா. நைட்டு மட்டும்."

உங்களுக்கு எங்களால்தான் என்று ஆரம்பித்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணன் எனக்கு போன் பண்ணிக்கினே இருந்தாருக்கா. தெனம் பண்ணுவாரு. நான்தான் எடுக்கல."

எனக்கு அது தெரியாது. இவர் என்னிடம் சொன்னதே இல்லை.

"இன்னா பேசறதுன்னு தெரியலக்கா. எடுத்தா, பரவாயில்லண்ணேன்னு சொல்லணும். அப்டி சொல்ல எனக்கு மனசு வரல. சரி, அப்பறமா பேசிக்கலாம்னு வுட்டுட்டேன்."

வண்டி வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். பாடையைத் தூக்க ஆள் தேவைப்பட்டபோது அந்தப் பையனும் போய்த் தோள் கொடுத்தார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, வீட்டில் இருக்க முடியாமல் மறுபடி மெஷினில் உட்கார்ந்தேன். வந்த துணிகளையெல்லாம் தைத்து முடித்தேன். ஒருநாள் ஜரிகை போட்ட துணி கொஞ்சம் மிச்சம் இருந்ததை வைத்து, அந்தப் பையனின் குழந்தைக்கு ஒரு பாவாடை சட்டை தைத்தேன். இடுப்பில் உட்கார்ந்திருந்த உயரத்தைப் பார்த்து ஒரு குத்துமதிப்பு அளவு. இதைக் கொடுத்தால் அவர்களுடைய கஷ்டம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிற அளவுக்கு நான் பைத்தியம் இல்லை. போய்ப் பார்க்கவேண்டும் என்று இருந்தது. வெறுங்கையோடு போக முடியவில்லை.

பஸ் பிடித்து ஆவடி போய், அங்கிருந்து சேக்காட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். வீடு பூட்டியிருந்தது. வாசலில் 'வாடகைக்கு' என்று எழுதிய அட்டை தொங்கியது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"காலி பண்ணிகினு ஊருக்கே போய்ட்டாங்கக்கா. போன மாசமே."

"வந்தவாசிக்கா?"

"ஆமா. லாரி வேலையும் சரிப்படல போல. நீங்க யாரு, சொந்தமா?"

"இல்ல. தெரிஞ்சவங்க" என்றேன்.

அந்தப் பையனின் போன் நம்பர் எங்கள் வீட்டில் இருந்தது, இவருடைய போனிலேயே. ஆனால் இவருடைய எண்ணிலிருந்து மறுபடி ஒரு அழைப்பு போய், அந்தப் பையன் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை கூப்பிடவில்லை.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அதே வயதில் ஒரு குழந்தை இருந்தது. என் பையையே பார்த்துக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவள் உடனே குழந்தைக்குப் போட்டுப் பார்த்தாள். இடுப்பில் கொஞ்சம் லூஸாக இருந்தது.

"பரவால்லக்கா, வளர்ற புள்ளதான" என்றாள்.

"ஊசி நூல் இருந்தா குடும்மா. புடிச்சுத் தச்சு தரேன்."

அவள் உள்ளே போய்த் தேடி எடுத்துவந்தாள். பூட்டிய வீட்டின் படியில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.